யாருகூடச் சாப்புடுவே கண்ணு?

மதியச் சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் நின்றிருக்கின்றன. பனியன் கம்பெனியின் ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. சாகத் துணிந்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து, இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிற சித்ராதேவி, ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, விரலில் ஒட்டிய நூலைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். மனநல ஆலோசகர் கலைமகள் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்காருகிறார். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்பதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கேட்டாகிவிட்டது. இவர் கேட்பது வேறு. "யாருகூடச் சாப்புடுவே கண்ணு?" டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் சுற்றிலும் அடங்குகிறது. எல்லாருடைய காதும் இங்கேதான். "முன்னாடி அபிராமிகூடக்கா. ஹாஸ்டல்ல ஒரே ரூமு. அவள நைட் ஷிப்டுக்கு மாத்திட்டாக. நான் வேல முடிஞ்சு ரூமுக்குப் போறப்ப அவ வேலைக்குக் கெளம்பிருவா." மேனேஜர் ரத்தினசாமி குறுக்கே வருகிறார். "புள்ளைக்கு மனசு பலவீனமுங்க. ஊருக்கே அனுப்பிச்சுடலாமுங்க." கலைமகள் திரும்பிப் பார்க்கிறார். "அபிராமிய ஏனுங்க மாத்துனீங்க?" "ரெண்டும் சேந்தா ஓயாத பேச்சுங்க. புரொடக்‌ஷன் படுத்துக்குதுங்க." "அப்பப் பலவீனம் புள்ளைக்குங்களா, உங்க ஷிப்டுக்குங்களா?" யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க இருமுகிறாள். ரத்தினசாமி பிடரியைச் சொறிகிறார். பிறகு போனை எடுத்து ஹாஸ்டல் வார்டனைக் கூப்பிடுகிறார். "அபிராமிக்கு இனிமே டே ஷிப்டுங்க. இப்பவே எழுப்பி அனுப்புங்க." சித்ராதேவி சட்டென்று தலை நிமிர்கிறாள். "எழுப்பாதீக சார், அசந்து தூங்குவா. சாயங்காலம் நானே போய்ச் சொல்லிக்கிறேன்."