முப்பத்திரண்டாவது கிளி

சர்க்கரைக் கிளியை மாமியாரின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மருமகள்.

இது முப்பத்திரண்டாவது கிளி.

மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். துணி ஆலையில் முப்பது வருஷம் சட்டைகளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். அவள் ஓய்வு பெற்றாலும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை.

கேக் கடை மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார். குறையில்லாத கிளி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் அலங்கார வேலை அவளுக்கு. இன்று நான்கு மணி வரைதான் கெடு. அதற்குப் பிறகு வேறு ஆள்.

சர்க்கரையைக் காய்ச்சி, பச்சைச் சாயம் விட்டு, உள்ளங்கை கொப்பளிக்கப் பிசைந்து, உருண்டையைக் கைப்பம்பின் குழாய் முனையில் ஒட்டிக் காற்றடிக்க வேண்டும். சூடு கூடினால் கிளிக்குத் தொந்தி விழும். குறைந்தால் கழுத்து படக்கென்று போய்விடும். ஒரு மாதமாக அடுப்படியில் இதே பாடுதான்.

பாடுபட்டு என்ன? ஒவ்வொரு கிளியும் மாமியாரின் நாற்காலி முன்னால் வந்து தோற்றது. முதல் கிளிக்கு அலகு கோணல். அடுத்ததற்கு வால் தடிமன். ஒன்றுக்கு முழியே சரியில்லை. எதைக் காட்டினாலும் ஒரு நொட்டை.

"நீ அடுத்தத ஊதும்மா, இத நான் குப்பையில போட்டுக்கறேன்" என்று மட்டும் தவறாமல் சொல்லி வாங்கிக்கொண்டு போவாள். கல்நெஞ்சுக்காரிக்கு இதிலாவது ஈரம் இருக்கிறதே என்று மருமகள் நினைத்துக்கொள்வாள்.

போதாக்குறைக்குக் கணவன் வேறு. தினமும் அம்மாவின் விரலில் ஊசி குத்தி, மீட்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைத் திட்டிக்கொண்டு திரிந்தான்.

மாமியார் கிளியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். அலகை நகத்தால் தட்டினாள்.

மணி மூன்றேகால்.

மாமியார் கடிகாரத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். கிளியைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தொங்கிப்போனது. இத்தனை துக்கத்தோடு அவளை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"இதுல ஒரு குறையும் இல்லடி. ஓடு" என்றாள், அழாத குறையாக.

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிளியைப் பெட்டியில் வைத்து மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாசலில் திரும்பினாள்.

மாமியார் ஒரு பெரிய கொட்டாவி விட்டாள்.

நாக்கு பச்சையாக இருந்தது.

மருமகள் பெட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் கிளி ஞாபகத்துக்கு வந்தது. அதன் அலகு நேராகத்தான் இருந்தது.