மஞ்சள் வார்னிங்

முதல் குத்திலேயே புரோகிராமரின் முன்பல் ஒன்று மேசைமேல் தெறித்து விழுந்தது. இரண்டாவது குத்துக்கு அவர் நாற்காலியோடு சாய்ந்தார்.

"வார்னிங் வரக்கூடாதுன்னு சைபரைப் போட்டு மூடி வச்சிருக்கே. இப்ப அவன் கை போச்சேடா." ஃபோர்மேன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். இன்னொரு கையில் இரும்புக் கம்பி.

வாசலை அடைத்துக்கொண்டு தொழிலாளர்கள் நின்றார்கள். சற்று முன்புதான் அவர்களில் ஒருவனுடைய வலக்கையை பிரஸ் மெஷின் மணிக்கட்டுவரை நசுக்கியிருந்தது. அவனைத் தூக்கிப் போனவன் சட்டையில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"நீங்க தள்ளுங்கண்ணே. இவன் கையையும் அதே மெஷின்ல வைப்போம்," என்றான் அவன். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

"யாரும் உள்ள வராதீங்க. இவனை நான் பாத்துக்கறேன்," என்றார் ஃபோர்மேன்.

புரோகிராமருக்குக் காது இரைந்தது. என்ன சைபர்? சேதி கேட்டு இப்போதுதான் ஓடி வந்து உட்கார்ந்தார். அந்த மெஷினை இயக்கும் புரோகிராமை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபோர்மேனின் பிடி தளர்ந்ததும், தட்டுத் தடுமாறிக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தார். சி மொழியில் அவரே எழுதியதுதான். மெஷினுக்குள் கை இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் பழுதானால் என்ன செய்வது என்கிற இடத்தை, பிறகு எழுதலாம் என்று பாதியில் விட்டிருந்தார். அப்படி விட்டால், இங்கே பதிலே இல்லை என்று, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் மஞ்சளில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். மறக்காமல் திரும்பி வர அதுவே போதும் என்பது அவருடைய பல வருடத்துப் பழக்கம்.

இப்போது அங்கே மஞ்சள் இல்லை. சைபரை, அதாவது பூஜ்யத்தை, திருப்பி அனுப்பு என்று யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இவர்கள் தொழிலில் சைபர் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சென்சார் செத்தது, எல்லாம் சரி என்று நம்பி மெஷின் இறங்கிவிட்டது.

பாதியில் விட்டது தன் தப்பு என்று அவருக்கு உறைத்தது. ஆனால் இந்த வரி?

"இது நான் எழுதினது இல்லைங்க. யார் சேர்த்ததுன்னு இதுலயே பதிவாகியிருக்கும். ஒரு நிமிஷம் குடுங்க, எல்லாருக்கும் காட்டறேன்."

இரும்புக் கம்பி திரையில் இறங்கியது. சில்லு பறந்து புரோகிராமரின் கன்னத்தைக் கிழித்தது. அடுத்த அடி கம்ப்யூட்டர் பெட்டியில். அதற்கடுத்தது அவர் தோளில். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"பழியை அடுத்தவன் தலையில கட்டப் பாக்கறான்," என்று ஃபோர்மேன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் பக்கத்துல நில்லுங்க. மிச்சத்தை நான் முடிக்கறேன்."

அவர் பேச்சை அங்கே யாரும் தட்டுவதில்லை. கலைந்து போனார்கள். ஃபோர்மேன் கதவைத் தாழிட்டார்.

புரோகிராமர் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, நல்ல கையால் முகத்தை மறைத்தார். அடி விழவில்லை.

"பெட்டியை உடைச்சா போயிடுமா? சர்வர்லயும் இருக்கு," என்றார், வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி. "அதைப் பாக்காமலே எனக்குத் தெரியும். என் புரோகிராமைத் தொட இங்க இன்னொருத்தருக்குத்தான் அனுமதி. போன மாசம் சேர்ந்த டிரெய்னிப் பொண்ணு. ஸ்கிரீன்ல மஞ்சளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சேதி வந்ததும் போனைத் தூக்கிக்கிட்டு அழுதுகிட்டே வெளியே ஓடினா. நாளைக்கு விசாரணையில அவ பேரைச் சொல்லத்தான் போறேன். நீங்க கொன்னாலும் சரி."

கம்பி கீழே விழுந்தது. அந்த முரட்டு மனிதர் தரையில் உட்கார்ந்து, இவருடைய இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாதீங்க சார். அவ என் பொண்ணு."