மூன்றாவது பஞ்சர்

"பாய், ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் கடையை ஏரிக்கரையிலேருந்து எடுக்கலேன்னா என் பேரு பாண்டுரங்கன் இல்ல."

ரைஸ்மில் மேஸ்திரி பாண்டுரங்கன் தன் வீட்டு வாசலில் நின்று இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அவருக்கு எதிரே தலைகீழாக நின்றது. இந்த மாதத்தில் இது மூன்றாவது பஞ்சர். பஞ்சர் ஒட்டும் அருள்தாஸ் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார்.

சோடாக்கடை கிதர் முகம்மதுவை ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார் மேஸ்திரி. உத்திரமேரூரில் நியாயம் என்று ஒன்று நடந்தால் அது தன் வாசலில்தான் நடக்க வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

"நான் இன்னா பண்ணேன் மேஸ்திரி?" என்றார் பாய்.

"சோடா பாட்டிலை ஒடைச்சு ஏரிக்கரை எறக்கத்துல போட்டு வெச்சுக்கீறே. காலைல மில்லுக்குப் போறப்ப குத்துது. மத்தியானம் சாப்ட்டுப் படுத்து எழுந்து பார்த்தா வண்டி தரையோட ஒட்டிக்கினு கீது."

"காலைல குத்தினா காலைலயே காத்து போயிடாதுங்களா?"

"மெதுவாப் போவும். கண்ணாடியோட கொணம் அது."

கண்ணாடியின் குணம் மட்டுமா, நெல்லின் குணம், மழையின் குணம், பெண்களின் குணம் எல்லாமே மேஸ்திரிக்கு அத்துப்படி. தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டது போக, மீதி நேரத்தில் இவ்வளவையும் கற்றிருந்தார்.

"மனு எழுதியாச்சு. சாயங்காலம் யூனியன் சேர்மன் கையில கொடுக்கப் போறேன்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

பாயின் முகம் வாடிவிட்டது. "ஒரு பாட்டில் ஒடைஞ்சாக்கூட ஒவ்வொரு சில்லையும் நானே பொறுக்கிப் பொதைச்சுடறேன் மேஸ்திரி. அந்தக் கடையும் போச்சுன்னா எம் புள்ளைங்க இன்னாத்தைத் தின்னும்?"

"அப்ப என் டயர்ல ஏறினது ஆகாசத்திலேருந்து விழுந்துதா?"

மேஸ்திரியின் மனைவி தேவகி, ட்யூபை அமுக்கிப் பார்ப்பதற்காகப் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆண்கள் பேசும் இடத்தில் அவள் வாய் திறப்பதில்லை. அப்படி ஒரு மனைவியைத் தானே வளர்த்து ஆளாக்கியதுபோல மேஸ்திரிக்குப் பெருமை உண்டு.

"அருள்தாசு, இந்தத் தடவ சில்லைத் தூக்கிப் போட்டுடாதே. எல்லார் எதிர்லயும் காட்டு. பாய் கண்ணால பார்க்கட்டும்."

அருள்தாஸ் டயருக்குள் விரலை விட்டுத் தடவி, குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்று சில்லுகள். தண்ணீரில் அலசி மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தார்.

சிவப்புச் சில்லுகள். மூன்றும் வளைந்திருந்தன. ஒன்றில் தங்கப் பொட்டு மின்னியது.

"இது வளையலாச்சே மேஸ்திரி" என்றார் அருள்தாஸ்.

பாய் எட்டிப் பார்த்தார். "என் கடையில சோடாவுக்கு வளையல் போட்டு விக்கிறதில்லீங்க" என்றார் மிகுந்த மரியாதையுடன்.

பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நல்லா கீதே கதை. வளையல் ஒடையற அளவுக்கு எவளைப்பா கேரியர்ல ஏத்திக்கினு போனே?"

தெரு சிரித்தது. மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. மனு சட்டைப்பையோடு நனைந்தது.

"சத்தியமா நான் ஒருத்தியையும் ஏத்தல. தேவகி, நீயாவது சொல்லேன்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மேஸ்திரி மனைவியிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

தேவகி பாயின் முகத்தைப் பார்த்தாள். கணவனின் முகத்தையும் பார்த்தாள்.

"அவரு யாரையும் ஏத்தல. அப்ப அவரு தூங்கிக்கினு இருந்தாரு" என்றாள். பிறகு அருள்தாஸ் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அப்படியே அந்த முன்பிரேக்கையும் கொஞ்சம் பாரு. ஏரிக்கரை எறக்கத்துல எவ்ளோ அழுத்தினாலும் வண்டி நிக்கவே மாட்டேன்னுது."