பழகிய கை

அத்தையின் கை நடுங்கவில்லை.

அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, தலையை இடது உள்ளங்கையில் தாங்கி, பால் சங்கின் மூக்கைக் கன்னத்தின் ஓரமாக உள்ளே விட்டாள் அத்தை. நடுவில் விடவில்லை. நடுவில் உதடு இல்லை. மூக்கு வரைக்கும் பிளவு.

கொஞ்சம் ஊற்றினாள். நிறுத்தினாள். குழந்தை விழுங்கியதும் மறுபடி கொஞ்சம்.

ஒரு சொட்டுகூட மூக்கு வழியாக வரவில்லை.

பெற்ற தாயான அவள் ஊட்டும்போதெல்லாம் வரும். மூன்று மாதமாகிறது, இன்னமும் வருகிறது. குழந்தைக்குப் புரையேறும். அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அத்தைக்கு முதல் நாளே இந்த வித்தை தெரிந்திருந்தது.

அது எப்படி?

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அத்தை, அவள், அத்தையின் மகனான அவளுடைய கணவன் பொன்ராஜ். உள்ளே கூப்பிட்டால் எடை பார்ப்பார்கள். ஐந்து கிலோ இருந்தால் அடுத்த வாரம் உதட்டுக்கு ஆபரேஷன். போன தடவை இருநூறு கிராம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குழந்தை பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கியதும் அவளுடைய அம்மா அலறிவிட்டாள். அத்தை அலறவில்லை. குழந்தையின் வாயை விரலால் திறந்து மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தாள். சங்கு இருக்கிறதா என்று கேட்டாள்.

அதற்கப்புறம்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கெரகணத்தன்னைக்கு எதையும் தொடாதன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!"

அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். சந்திர கிரகணம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தவள் பசி தாங்காமல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அதுவும் பல்லால் கடித்து.

கிழிந்த தாளை அத்தை பார்த்துவிட்டாள். பிள்ளை பிறந்ததும் அதையே பிடித்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளையை மட்டும் கூட்டிப்போவது, இவள் அம்மா வீட்டிலேயே கிடக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

பொன்ராஜும் தடுக்கவில்லை.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். அவளால் நம்ப முடியவில்லை. பிஸ்கட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எதிர்ச் சுவரில் குழந்தைகளின் படங்கள். ஆபரேஷனுக்கு முன்பு, பின்பு. வரும்போதெல்லாம் கண்ணில் பட்டவைதான். இன்றைக்கு எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

பின்பு எடுத்த படத்தில் ஒரு பிள்ளை வாய்கொள்ளாமல் சிரித்தது. மூக்கின் அடியிலிருந்து உதட்டு விளிம்பு வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும்.

கண்ணால் பார்த்ததில்லை. விரலால் தொட்டிருக்கிறாள். பொன்ராஜின் மீசைக்கு அடியில். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு என்றான். கட்டிய புதிதில் எதைச் சொன்னாலும் நம்பத்தானே தோன்றும்.

சைக்கிளாம்!

போன வருடம் மாமனார் செத்தபோது, மூத்த மகன் பொன்ராஜ் தலையும் மீசையும் மழிக்க வேண்டுமென்று நாவிதர் கத்தியோடு உட்கார்ந்தார். பிணத்தின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அத்தை பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தலை போதும், மீசையில் கை வைக்காதே என்றாள். ஊரே முணுமுணுத்தது. புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்று இவள் பரிதாபப்பட்டாள்.

நல்ல பரிதாபம்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்கான தாள் பொன்ராஜின் மடியில் கிடந்தது. நிரப்பியிருந்தான்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உதட்டுப் பிளவு இருந்ததா?

'இல்லை'யில் டிக். அழுத்திப் போட்டதில் தாள் பொத்துப்போயிருந்தது.

ஊட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஒரு நர்ஸ் வந்தாள். வந்தவள் அத்தையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அடேயப்பா, எங்களுக்கே இவ்வளவு சுத்தமா வராதும்மா. யாருக்கு ஊத்திப் பழகுனீங்க?"

சங்கு தவறியது. பால் குழந்தையின் கழுத்தில் வழிந்தது.

நர்ஸ் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. மூன்று மாதம். எத்தனை தடவை கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பல்லைச் சபித்திருப்பாள்! இந்த வராந்தாவே அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது.

கத்தவில்லை. பொன்ராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்களுக்கு எத்தன வயசுல தச்சாங்க?"

அவன் கை மீசைக்குப் போனது. கண் அம்மாவிடம் போனது.

அத்தை முந்தானையால் குழந்தையின் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"ரெண்டு வயசுல" என்றாள். "மதுரைக்குத் தூக்கிட்டுப் போயி."

பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்குச் சூரிய கெரகணம்னு சொன்னாங்க."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். உதடு சரியாகட்டும் என்று குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சீட்டில் தாயின் பெயர்தான்.

"மாரீஸ்வரி குழந்தை!"

அத்தை குழந்தையை அவளிடம் நீட்டினாள். இப்போது அந்தக் கை நடுங்கியது.

அவள் வாங்கிக்கொண்டாள். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

பொன்ராஜ் எழுந்திருக்கவில்லை. தாளை முழங்காலில் வைத்துக் குனிந்திருந்தான். எதையோ அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.