கறுப்பு வரும் நேரம்

சாயப்பட்டறையில் வெளிர் நிறங்களை முதலில் முக்கிவிட்டுக் கறுப்பைக் கடைசிக்கு வைப்பார்கள். முன்பின் மாறினால் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மாளாது. அந்தக் கழிவெல்லாம் மயிலாத்தாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில்தான் ஓடியது. காலையில் மஞ்சள், மத்தியானம் சிவப்பு, வெயில் தாழ்ந்தால் நீலம். கறுப்பு வந்துவிட்டால், அங்கே சாயம் முக்குகிற அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். அவள் உலை வைப்பாள். அவர் சைக்கிளை நிறுத்தும்போது சோறு வடித்திருப்பாள்.

கிணற்றுத் தண்ணீர் கெட்டுத் தென்னைகள் மொட்டையாக நின்ற வருஷம், கலெக்டருக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து அவளுடையதுதான். தொழிற்பேட்டைக்கே பொதுவாகச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கழிவுநீர் தெளிந்து பட்டறைகளுக்கே திரும்பிப் போனது. வாய்க்கால் காய்ந்தது. நாச்சிமுத்து அவளைக் கோபிக்கவில்லை.

"இனி நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

இன்று சாயங்காலம் வாய்க்காலில் கறுப்பு வந்தது. எந்தப் பட்டறைக்காரனோ திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுச் சரசாள் வேலியோரம் வந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, வாய்க்காலப் பாத்தீங்களா? பொல்யூசன் ஆபீசுக்குப் போன் பண்ணீட்டீங்களா?"

மயிலாத்தாள் அடுப்படியில் நின்றிருந்தாள். இரண்டு பேருக்கான அரிசி உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.

"சோத்த வடிச்சுப்போட்டுப் பண்றேன், சரசு."