ஆறு புதிய கீகள்

விரல் மூட்டுகள் வீங்கியதிலிருந்து லாசரால் கிட்டாரின் சின்னஞ்சிறு ட்யூனிங் கீகளைத் திருக முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சுருதி சேர்க்க மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிடக் கூசி, வாசிப்பதையே விட்டுவிட்டார். ஜெசிந்தா கிட்டாரோடு கடைக்குப் போய், பெரிய பிடியுள்ள, லேசாகச் சுழலும் ஆறு கீகளைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் அவள் பழையவற்றைக் கழற்றியபோது லாசர் பதறினார்.

"துளை பொருந்தலன்னா மரமே வீணாப் போயிரும்."

"ஒவ்வொண்ணா அளந்துதான் வாங்குனேன். சும்மா இருங்க."

ஆறும் கச்சிதமாக உட்கார்ந்தன. தந்திகளைக் கட்டிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். லாசர் முதல் கீயைப் பயந்து பயந்து திருகினார். வலிக்கவில்லை, சுருதி ஏறியது. ஆறு தந்திகளுக்கும் அரைமணி நேரம் பிடித்தது.

"ஜெசி, சரியா இருக்கான்னு கேளு!"

"கேக்குது, வாசிங்க" என்றாள். விசில் வரவிருந்த குக்கரை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.