இன்னும் ஒரு மடிப்பு

“மிஷின நிப்பாட்டுட்டி! சத்தம் வெளிய கேக்கும்.”

தாராவிச் சந்தில், கொரோனாவுக்குக் காய்ச்சல் பார்த்து ஆட்களை ஆம்புலன்சில் ஏற்றுகிறவர்கள் மூன்று வீடு தள்ளி நின்றார்கள். தூங்கும் பாப்பாவின் பக்கத்தில் நின்று இசக்கிராஜ் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். தோல் பட்டறைத் தூசியில் வந்த பழைய இருமல்தான். ஆனால் யார் நம்புவார்கள்? எவனோ தன்னைப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்றே நினைத்தான்.

முந்தானையால் வாயைக் கட்டியிருந்த அவன் மனைவி முத்துமாரி நிமிரவே இல்லை. பழைய கைலித் துணியில் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு சரியாக விழுந்தால்தான் மூச்சு முட்டாதாம். காலையில் பக்கத்திலேயே அடுப்பில் சோறு தீய்ந்தபோதும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

“சோறு கருகுனதுகூடத் தெரியாம அப்படி என்னட்டி தையல்?”

“இன்னும் ஒரு மடிப்புதாங்க.”

கதவு தட்டப்பட்டது. “முத்துமாரி கோன் ஹை?” முத்துமாரி யார் என்று இந்தியில் கேட்டது ஒரு குரல்.

தன் பெயரை எதிர்பார்த்து நின்றவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“நாந்தான் போன் போட்டேன். மூணு நாளா ஒரு வாசனையும் தெரியலங்க.” நூலைக் கத்தரித்துவிட்டு எழுந்தாள். “உங்களுக்கும் பாப்பாவுக்கும் தச்சிருக்கேன். நான் தொட்டுத் தச்சது. கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துட்டு மாட்டுங்க.”